கொம்பு முளைச்ச சைக்கிள்

வா மருமவனே, உக்காரு. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் கட்டை. இந்த டயர் அடுக்கு மேல உக்காரு. ராத்திரி பூரா பெங்களூர் பஸ்ஸுல முழிச்சிருந்தியோ, கண்ணு ரெண்டும் பழைய பிரேக் கட்டை மாதிரி செவந்து கெடக்கு. உங்கம்மை நேத்தே போன் போட்டுட்டா. "அண்ணே, நல்லா ஓடிக்கிட்டிருந்த சைக்கிளைக் கழட்டிப் போட்டுட்டான், நீதான் பாத்துக்கணும்"னு ஒரே பொலம்பல். கழட்டினதுல தப்பில்ல தாயி, திரும்ப மாட்டுத நெனப்பு இல்லாமக் கழட்டினதுதான் தப்புன்னேன்.

அந்தப் பார்சலைப் பிரி, பாப்போம்.

அடடே, ஆட்டுக்கொம்பு! நாங்க இளவட்டமா இருக்கையில இந்த வளைஞ்ச ஹேண்டில்பாரை அப்படித்தான் சொல்லுவோம். ஆனா இது ஆட்டுக்கொம்பு கூட இல்லியே. கீழ் நுனி ரெண்டும் வெளியே விரிஞ்சு, முட்ட வாற காளை மாதிரில்ல இருக்கு. இதைக் கொண்டு போயி அந்த மலை சைக்கிள்ல மாட்டப் போறே.

எனக்குச் சரியா வெளங்குச்சான்னு பாத்துக்கிடுதேன். கல்லு மண்ணுல ஓட்டணும்னு ஒருத்தன் தடி டயரும் நேரான ஹேண்டில்பாரும் வச்சு ஒரு வண்டி செஞ்சான். தார் ரோட்டுல காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்னு இன்னொருத்தன் ஒல்லி டயரும் வளைஞ்ச ஹேண்டில்பாரும் வச்சான். ரெண்டு பேரும் ஆளுக்கு எத்தனையோ வருசம் மண்டையைப் போட்டு ஒடைச்சிருப்பான். நீ ரெண்டு பேரையும் நம்பல. இவன் காலையும் அவன் கையையும் சேத்து ஒட்டப் போறே. நரசிம்ம அவதாரம். அது தூணைப் பொளந்துக்கிட்டு வந்துச்சு, இது என் கடை ஷட்டரைப் பொளக்காம இருந்தாச் சரி.

மாமா கேலி பண்ணுதாருன்னு மூஞ்சியைத் தூக்காதே. இந்தக் கிறுக்கு நம்ம குடும்பத்துல உனக்கு முன்னாலயே ஒருத்தனுக்கு இருந்திருக்கு. 1973. எனக்கு 18 வயசு. ரேஸ் சைக்கிள் வாங்க வக்கில்ல. எங்கய்யாவோட கறுப்பு சைக்கிள் ஹேண்டில்பாரைத் தலைகீழாக் கவுத்து மாட்டினா ரேஸ் சைக்கிள் ஆயிரும்னு ஒரு ஞானோதயம். கவுத்தினேன். பாக்க என்னமோ அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அந்தக் காலத்து வண்டிக்குக் கேபிள் கெடையாது, கம்பி பிரேக்கு. லீவரை அமுக்கினா கம்பி மேல போவும், கட்டை ரெண்டும் ரிம்முக்கு உள்பக்கமா வந்து அணைக்கும். ஹேண்டில்பாரைக் கவுத்தினா கம்பி எப்படிச் சேரும்? சேரல. கழட்டிப் பரண்ல எறிஞ்சேன். பிரேக்குக்குச் செருப்பு. முன் டயர் மேல செருப்புக் காலை வச்சு அமுக்கினா வண்டி நிக்கும். மேட்டுல நிக்கும். பள்ளத்துல நிக்காதுங்கது கன்னடியன் கால்வாய்ப் பாலத்துச் சரிவுல தெரிஞ்சுது. எதுக்க ஒரு மாட்டு வண்டி. மாட்டுக்கும் கொம்பு, என் வண்டிக்கும் கொம்பு. மாடு நின்னுச்சு, நான் நிக்கல. கால்வாய்ல இருந்து ஏறி வந்தா, எங்கய்யா செருப்பை எங்கன்னு கேக்காரு. ஒரு காலு செருப்பு சேரன்மகாதேவிப் பக்கம் போயிருக்கும்னேன்.

அன்னைக்குப் படிச்ச பாடத்தைத்தான் 50 வருசமா இந்தக் கடையில விக்கேன். ஹேண்டில்பாருங்கது தனி உருப்படி இல்ல. அதைத் தொட்டா பிரேக்கு நகரும், கியர் நகரும், கேபிள் நகரும், ஓட்டுதவன் முதுகு நகரும். நீ ஒரு கொம்பு வாங்கினதா நெனச்சிக்கிட்டு இருக்கே. ஒரு சம்பந்தி வீட்டையே வாங்கிட்டு வந்திருக்கே.

இது என் மருமவன் புதுசாக் கண்டுபிடிச்சதுன்னு நானும் தெருப்பூரா பெருமையடிச்சிருப்பேன், நீ செல்லுல படம் காட்டாம இருந்திருந்தா. கலிபோர்னியாவுல மரீன்னு ஒரு ஜில்லா. அங்க டமால்பைஸ்னு ஒரு மலை. பேர்லயே டமால் இருக்கு, பெறகு விழாம எப்படி? அந்த மலைப் பக்கத்துல 1976-ல கொஞ்சம் இளவட்டங்க பழைய கனத்த சைக்கிளைச் சரிவுல உருட்டிப் பந்தயம் விட்டாங்களாம். பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கிற பிரேக்கு. அடிவாரம் வந்து சேருததுக்குள்ள பின் ஹப்புக்குள்ள இருக்க கிரீஸ் வெந்து புகையாப் போயிரும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரிச்சுப் புதுக் கிரீஸ் அடைக்கணும். அதை வச்சே பந்தயத்துக்கு 'ரீபேக்'னு பேரு போட்டாங்க. இதைக் கேட்ட அன்னைக்குத்தான் அந்த ஊரு மேல எனக்கு மரியாதை வந்துச்சு. கிரீஸைப் பாத்துப் பந்தயத்துக்குப் பேரு வச்சவன் நம்ம ஆளுதான்.

அதே ஊரு சார்லி கன்னிங்காம். 1979-ல அலுமினியத்துல மலை சைக்கிள் செஞ்சு, அதுலயே வளைஞ்ச ஹேண்டில்பாரைத்தான் மாட்டினாரு. அவரு வண்டியில ஜாக்கி ஃபீலன்னு ஒரு அம்மா 1983, 84, 85 மூணு வருசமும் அமெரிக்கா தேசியப் பட்டத்தை விட்டுக்குடுக்கல. 1982-ல கன்னிங்காம் இன்னும் ரெண்டு பேரோட சேந்து வில்டர்னஸ் டிரெயில் பைக்ஸ்னு கம்பெனி தொடங்கி, மண்ணுப் பாதைக்குன்னே விரிஞ்ச கொம்பை வடிவமைச்சாங்க. உன் பார்சல்ல இருக்கது அதோட பேரன் பேத்தி. ஆக மலை சைக்கிளுக்குப் பால்பல்லு இருக்கையிலேயே கொம்பும் முளைச்சிருச்சு. நீ 40 வருசம் லேட்டு. பரவால்ல, உங்கய்யா கல்யாணத்துக்கே மாப்பிள்ளை லேட்டாத்தான் வந்தாரு.

இன்னொருத்தன் படமும் காட்டினியே, ஜான் டோமாக். கொலராடோவுல துராங்கோ ஊருல 1990-ல மலை சைக்கிளுக்கு அதிகாரபூர்வமான முத உலகப் பந்தயம் நடந்தப்ப வளைஞ்ச ஹேண்டில்பாரோட வந்தவன். அவன் ஏன் அப்படி வந்தான்? அந்த வருசம் ரோட்டுப் பந்தயத்துக்கும் ஒரு டீம்ல சம்பளம் வாங்கிக்கிட்டிருந்தான். ரெண்டு வண்டியிலயும் உடம்பு ஒரே மாதிரி மடங்கணும்னு செஞ்ச ஏற்பாடு அது. மறு வருசம் 1991-ல இத்தாலியில உலக சாம்பியன் ஆனானே, அப்ப அவன் கையில இருந்தது நேர் ஹேண்டில்பாரு. அந்தப் படத்தை மட்டும் நீ எனக்குக் காட்டல. நானா உன் அக்கா மவகிட்டச் சொல்லித் தேடிப் பாத்தேன். சரி, நீ எந்த ரோட்டு டீம்ல சம்பளம் வாங்குதே மருமவனே?

கோவிச்சுக்காதே. டீ சொல்லியிருக்கேன்.

வேலைக்கு வருவோம். மொதல்ல பிரேம். பழைய இரும்பு, 26 இன்ச் சக்கரம், தொண்ணூறுகள்ல செஞ்சது. இதை வாங்கினதுல மட்டும் உனக்குப் புத்தி இருந்திருக்கு. இருந்துச்சோ, குருட்டு அதிர்ஷ்டமோ. ஏன் நல்லதுங்கேன்? நேர் ஹேண்டில்பார்ல கை இருக்கது ஹேண்டில்பாரு பக்கத்துலயே. வளைஞ்சதுல லீவர் மேல கை வச்சா, அது அரை ஜாண் முன்னால போயிரும். நீ உக்காந்த எடத்துல இருந்து எட்டி எட்டிப் பிடிக்கணும், கெணத்துல வாளி விழுந்தவன் கயித்தைத் தேடுத மாதிரி. பழைய வண்டியில ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்க ஸ்டெம்மு 12, 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும். அதைக் கழட்டிட்டு 6 சென்டிமீட்டர்ல குட்டையாப் போட்டா, போன தூரத்துல பாதி திரும்பி வந்துரும். இப்ப வாற புது மலை சைக்கிள்ல பிரேமே நீளம், ஸ்டெம்மு ஏற்கெனவே குட்டை. வெட்டிக் கொறைக்க அதுல என்ன இருக்கு? புதுசுல இந்த வேலையைப் பண்ணுதவன் ஒரு சைஸ் சின்னதாத்தான் பிரேம் எடுக்கணும். உன் ஆபீஸ் சிநேகிதன் எவனும் ஆசைப்பட்டா சொல்லி வை.

அடுத்தது உயரம். இங்கதான் பாதிப் பேரு கோட்டை விடுதான். அழகா இருக்கணும்னு ரோட்டு சைக்கிள் மாதிரி தாழ்த்தி வைப்பான். பள்ளத்துல எறங்கையில கீழ் வளைவைப் பிடிக்கக் குனிஞ்சா மூக்கு முன் டயர்ல உரசும். பயந்து மேலயே பிடிச்சுக்கிட்டு எறங்குவான். அப்ப இந்தக் கொம்பு எதுக்கு? கதர்ச்சட்டை காயப்போடவா? மலையில கொம்பு வச்ச வண்டிக்கு வீடு கீழ் வளைவுதான். நீ குடியிருக்கப் போறது அங்க. மேல் பாகம் திண்ணை மாதிரி, சும்மா இருக்கையில உக்காந்துக்கலாம். அதனால கணக்கைக் கீழ இருந்து போடு. நேர் ஹேண்டில்பார்ல உன் கை எந்த உயரத்துல இருந்துச்சோ, அந்த உயரத்துக்குக் கீழ் வளைவு வரணும். அப்ப மேல் பாகம் தன்னால சீட்டை விட 10, 12 சென்டிமீட்டர் மேல போயி, கொக்கு தலையைத் தூக்கினாப்புல நிக்கும். பாக்கிறவன் சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான். மரீன்காரன் வண்டியும் அப்படித்தான் இருந்துச்சு, அந்தம்மா மூணு பட்டம் வாங்குனா.

ஸ்டெம்மை உயத்துதேன் உயத்துதேன்னு உருவிக்கிட்டே போகாதே. அதுல ஒரு கோடு போட்டிருக்கும். கோடு வெளிய தெரிஞ்சா, பல்லும் ஒரு நாள் வெளிய தெரியும். இன்னொண்ணு, உன் பழைய ஸ்டெம்முக்கு வாய் 25.4 மில்லிமீட்டர். நீ வாங்கிட்டு வந்த கொம்புக்கு இடுப்பு 31.8. பென்னம்பெரிய பூசணியைச் சுருக்குப் பையில திணிக்கக் கொண்டு வந்திருக்கே. சுத்தியலை எடுக்காதே, கீழ வை. ஸ்டெம்மு வேற வரணும். அது எங்க இருந்து வரும்ங்கதைப் பெறகு சொல்லுதேன்.

இப்பத்தான் சம்பந்தம் பேசப் போறோம். நீ சாமான் எழுதிக்கிட்டு வந்த சீட்டை வாசி.

"பழைய மலை சைக்கிள் லீவரையே கொம்புல மாட்டிக்கிடலாம்." முடியாது. அந்தப் பிடிக்குக் குழாய் 22.2, உன் கொம்புக்குக் குழாய் 23.8. ஒண்ணரை மில்லிமீட்டருக்காகக் கல்யாணம் நின்ன வீடு உண்டு. அடி.

"10 கியர் ரோட்டு லீவர், பிரேக்கும் கியரும் சேந்தது." நல்ல சாமான், நல்ல வெலையும் குடுத்திருப்பே. இதை உன்கிட்ட இருக்க பழைய 9 கியர் மலை டிரெயிலரோட, அதான் பின்னால சங்கிலியைப் பல்லு மாத்திப் போடுத சாமானோட, போடப் போறே. எண்ணு பொருந்தலியேன்னு பயந்து எனக்கு ராத்திரி மெசேஜ் அனுப்பினியே, இதுல பயமில்ல. ஷிமானோ கம்பெனியில 9 வரைக்கும் ரோட்டு வீடும் மலை வீடும் ஒரே பந்தி. லீவர் ஒரு தடவை எவ்வளவு கேபிளை இழுக்கும்ங்கது ஒரே கணக்கு. 10-க்கு வந்தப்ப மலை வீட்டுக்காரன் கணக்கை மாத்திக்கிட்டான். அதனால 10 கியர் ரோட்டு லீவருக்கு 10 கியர் மலை டிரெயிலர் ஒத்து வராது, ஆனா பழைய 9 கியர் மலை டிரெயிலர் ஒத்துக்கிடும். ஆடு பகை, குட்டி உறவுங்கது இதுதான். எத்தனை கியருங்கதை லீவரும் பின் பல் வட்டும் தீர்மானிக்கும். டிரெயிலருக்கு எண்ணத் தெரியாது, இழுத்த எடத்துக்குப் போகும், அவ்வளவுதான். உங்க மாமா மாதிரி.

ஆனா அந்த லீவர்லயே பிரேக்கும் இருக்குல்லா? அங்க சண்டை. உன் வண்டியில வி பிரேக்கு, ரெண்டு நீளக் கை. அது நெறைய கேபிள் கேக்கும். ரோட்டு லீவர் கொஞ்சமாத்தான் இழுக்கும். பெரிய பந்திக்குச் சின்னக் கரண்டி. கட்டையை ரிம்மோட ஒட்டி வச்சாத்தான் பிடிக்கும். ஒட்டி வச்சா ஒரு சின்னப் பெண்டுக்கே சர்ரு சர்ருன்னு உரசும். தள்ளி வச்சா லீவர் கொம்புல போயி முட்டும், வண்டி முன்னால இருக்க புளியமரத்துல முட்டும்.

இதுக்கு வழி இருக்கு, ஒண்ணுக்கு நாலு. கை குட்டையான மினி வி பிரேக் போடலாம். உன் தடி டயர் அதுக்குள்ள நொழையுமா பாரு, நொழைஞ்சாலும் சேறு அப்புனா சக்கரம் சுத்தாது. நடுவுல ஒரு சின்ன உருளையை மாட்டி, இழுப்பைப் பெருக்கிக்கிடலாம், டிராவல் ஏஜென்ட்னு பேராம். கேபிள் காசி வரைக்கும் போயிட்டு வரும் போலிருக்கு. இல்லாட்டி வி பிரேக்கைக் கழட்டிட்டு, அதுக்கு முந்தின காலத்துக் கேண்டிலீவர் பிரேக்கைப் போடலாம். அது ரோட்டு லீவரோட நல்லாக் குடும்பம் நடத்தும். நாலாவது வழிதான் என் வழி. வி பிரேக்குக்குன்னே அதிகமா இழுக்குத வளைஞ்ச ஹேண்டில்பார் லீவர் விக்கான், டெக்ட்ரோ ஆர்எல் 520-ன்னு. பிரேக்குக்கு அது. கியருக்குக் கொம்பு நுனியில மாட்டுத 9 கியர் பார் எண்ட் ஷிப்டர், ரேடியோவுல ஸ்டேஷன் திருகுத மாதிரி. கீழ் வளைவுல குடியிருக்கவனுக்குக் கியர் நுனியில இருந்தா சௌகரியந்தானே. ஒண்ணு ஒடைஞ்சா இன்னொண்ணு ஓடும். நான் பிரிச்சு மாட்டலாம், நீயும் பிரிச்சு மாட்டலாம். அந்தச் சேந்த லீவரைப் பிரிச்சா உள்ள இருக்கது வாட்ச் கடைக்காரன் வேலை. நான் தொட மாட்டேன். பளபளப்புக் கொறையுததுக்குள்ள ஆபீஸ்ல எவன் தலையிலயாவது கட்டிரு.

கேபிள் வாங்கையில குடுமியைப் பாத்து வாங்கு. மலை வண்டி பிரேக் கேபிளுக்குத் தலை உருளையா இருக்கும், ரோட்டு லீவருக்குப் பேரிக்காய் மாதிரி. பழைய கேபிளைப் புது லீவர்ல சொருகப் பாத்து நாலு நாள் சாமியை வையக் கூடாது. மேல்உறையை வெட்டுததுக்கு முன்னால, ஹேண்டில்பாரை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் திருப்பிப் பாத்துக்க. ஸ்டெம்மு ஒசந்திருக்கு, பழைய உறை பத்தாது. ஒரு ஜாண் வீணாப் போகுதேன்னு கஞ்சத்தனம் பண்ணினா, வலது பக்கம் திரும்புத போதெல்லாம் பின் பிரேக்கு தன்னால பிடிக்கும். கைப்பிடி டேப்பை நுனியில தொடங்கி மேல் பாத்துச் சுத்து. மேல இருந்து சுத்தினா, கை அமுக்க அமுக்க விளிம்பு சுருண்டு எந்திரிச்சிரும்.

பல் சக்கரத்தைப் பத்தி அதிகம் பேச வேண்டாம். முன்னால சின்னது 22, பின்னால பெருசு 34. அதை மாத்தாதே. கொம்பு மாட்டினதும் பெரிய பல்லுப் போடணும்னு கை அரிக்கும். பல்லக்கு ஏற யோகம் இருக்கு, உன்னி ஏறச் சீவன் இல்லங்கது பாபநாசம் மேட்டுல வெளங்கிரும்.

டயர் விசயத்துல ஒரு கூத்து இருக்கு, அதைக் கேட்டுட்டுப் போ. போன மாசம் உன்னை மாதிரி ஒரு பட்டணத்துப் பையன் வந்து "26 இன்ச் டயர் இருக்கா"ன்னான். எந்த 26-ன்னேன். முழிக்கான். பொம்பளைப் பிள்ளைங்க ஓட்டுத 26 x 1⅜ சைக்கிளுக்கு ரிம் அளவு 590 மில்லிமீட்டர். உன் மலை வண்டி 26-க்கு 559. இன்னொரு 26 உண்டு, 1½ கனம், அதுக்கு 584. மூணும் 26-தான், ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. இதுல அந்த 584-க்கு ஒரு வேடிக்கை. உங்க ஆளுக 27.5-ன்னு புதுப் பேரு வச்சு, 2012 வாக்குல இதுதான் இனிமேன்னு கொண்டாடினாங்கல்லா? அதே ரிம்முதான். எங்க கறுப்பு சைக்கிளு 28 x 1½ வேற தெரு, 635. இன்ச்சைச் சொல்லி வாங்குதவன் ஏமாளி. டயர் ஓரத்துல பொறிச்சிருக்க மூணு இலக்க எண்ணைப் பாத்து வாங்கு. உனக்கு 559. கையில எழுதிக்க.

வண்டி ஆயாச்சுன்னு வச்சுக்க. எங்க ஓட்டப் போறே? மாஞ்சோலைன்னு சொல்லிராதே. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் எல்லாம். விட்டாலும் நான் விட மாட்டேன். புதருக்கு மேல ரெண்டு கொம்பு மட்டும் அசைஞ்சு போச்சுன்னா புலி என்னன்னு நெனைக்கும்?

மொதல்ல கால்வாய்க்கரை. செம்மண்ணு, நடுநடுவ கல்லு, ஆட்டுப் புழுக்கை. காலையில ஓட்டு. கையைக் கீழ் வளைவுல வச்சு, ஒரு விரலோ ரெண்டு விரலோ பிரேக்குல, மத்ததெல்லாம் கொம்பைச் சுத்தி. குலுங்கையில கை கழண்டு போகாதுங்கதுதான் இந்தக் கொம்போட மொத்தப் பெருமையும். வளைவுக்குள்ள கை சொருகிக் கெடக்கும். நேர் ஹேண்டில்பார்ல இறுக்கிப் பிடிச்சாத்தான் நிக்கும், இதுல பிடிக்கவே வேண்டாம், மாட்டி வச்சாப் போதும். மேல லீவர் மண்டையைப் பிடிச்சுக்கிட்டுப் பள்ளத்துல எறங்காதே. அங்க இருந்து பிரேக்கு பாதிதான் பிடிக்கும், ஒரு கல்லு தூக்கிப் போட்டா கை முன்னால வழுக்கிரும். ஏத்தத்துல, சமதளத்துல அங்க வச்சுக்க.

முழங்கையை வெளியே விரிச்சு வை, கோழி குஞ்சைப் பொத்துத மாதிரி. பாரம் கையில இல்ல, காலுல. பெடல் ரெண்டும் சமமட்டத்துல. கண்ணு சக்கரத்து மேல வேண்டாம், பத்து கெசம் தள்ளி. பாறை படிபடியா எறங்குத எடம் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டு போ. நேர் ஹேண்டில்பார்க்காரனுக்கு முக்கால் மீட்டர் அகலம், நெம்பித் திருப்பிருவான். உனக்கு அரை மீட்டர்தான். அவன் சீட்டுக்குப் பின்னால போயி உக்காந்து எறங்குவான், உன் கை முன்னால கட்டிக் கெடக்கு, அவ்வளவு பின்னால போக முடியாது. அங்க வீம்புக்கு எறங்கினா, குதிரை கீழ தள்ளினதும் இல்லாமக் குழியும் பறிச்ச கதை. தள்ளுததுக்கு வெக்கப்படாதே. நாங்க பாதி வயசு சைக்கிளைத் தள்ளியே கழிச்சோம், மேல நெல்லு மூட்டை இருந்துச்சு.

இவ்வளவு கேலி பண்ணுதியே மாமா, இதுல பிரயோசனமே இல்லியான்னு கேட்டுட்டுத்தான் போவே. இருக்கு. ஆடி மாசம் வா. திருநெல்வேலியில இருந்து அம்பாசமுத்திரத்துக்கு 35 கிலோமீட்டர் மேக்க பாத்து மிதி. மலை இடுக்குல இருந்து வாற காத்து நெஞ்சுல கையை வச்சுப் பின்னால தள்ளும். நான் அந்த வயசுல நேர் ஹேண்டில்பாரு நடுவுல கையைச் சேத்து வச்சு, தாடை ஹேண்டில்பார்ல இடிக்கக் குனிஞ்சு மிதிச்சிருக்கேன். இந்தக் கொம்பு இருந்திருந்தா உடம்பைச் சுருட்டிக்கிட்டு சொகமாப் போயிருப்பேன். மண்பாதைன்னாலும் காத்துக் காத்துதானே. கொலராடோவுல லெட்வில்லுன்னு ஊரு, ஊரே 3,000 மீட்டருக்கு மேல இருக்கு. அங்க நூறு மைல் மலைப் பந்தயம். 2024-ல கீகன் ஸ்வென்சன் கொம்பு வச்ச மலை சைக்கிள்ல போயி 5 மணி 43 நிமிசத்துல முடிச்சுப் பழைய சாதனையை ஒடைச்சான். 2015-ல இருந்து நின்ன சாதனை அது, 5 மணி 58. அந்தப் பாதையில பெரும்பகுதி அகலமான மண் ரோடு. அங்க ஜெயிக்க வேண்டியது பாறையை இல்ல, காத்தை. நம்ம கால்வாய்க்கரையும் அதே சாதிப் பாதைதான். பெறகு நாள் பூரா ஓட்டினா, கையை மாத்தி மாத்தி வைக்க நாலு எடம் இருக்கு, உள்ளங்கை மரத்துப் போகாது. கனடாவுல இருந்து மெக்சிகோ எல்லை வரைக்கும் மலை முதுகோடயே 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுத கிறுக்கனுகளுக்குன்னே கம்பெனிக்காரன் கொம்பு வச்ச மலை சைக்கிள் செஞ்சு விக்கான். அவங்களுக்குக் கை முக்கியம்.

அதனாலதான் மறுக்காமக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இல்லாட்டி உன் பார்சலைத் திண்ணையில வச்சே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தப் பரண்ல ஏறு. இடது பக்கம் சாக்குப் பை, அதுக்கடியில ஒரு பிஸ்கோத்து டின்னு. தொறந்து பாரு. குட்டை ஸ்டெம்மு, நல்லா மேல தூக்கினது, வாய் 31.8. உங்கம்மை போன் போட்ட அன்னைக்கே தென்காசியில ஒருத்தன்கிட்டச் சொல்லி வாங்கி வச்சேன். நீ ஏறும்போது அந்தக் கம்பி பிரேக்கு மூலையில கெடந்தா காலை இடிச்சுக்காதே, 1973-ல இருந்து அங்கதான் கெடக்கு.

செவ்வாக்கிழமை கடை லீவு. புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துரு. ஆர்எல் 520 ஒரு ஜோடி, பார் எண்ட் ஷிப்டர், பேரிக்காய்த் தலைக் கேபிள் ரெண்டு, உறை மூணு மீட்டர், டேப்பு எல்லாம் வாங்கிட்டு வா. ஸ்டெம்முக்குக் காசு உங்கம்மைகிட்ட வாங்கிக்கிட்டேன், டீக்கு நீ குடு.